புதுப்பிப்பு: குளியலறைச் சிலந்தி குஞ்சு பொரித்துவிட்டது

குளியலறைக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று, சட்டைப் பொத்தான் போன்ற தட்டையான வெள்ளை முட்டைப் பையை நெஞ்சுக்கடியில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் விளக்குமாற்றை எடுக்கச் சொன்னீர்கள். நான் எடுக்கவில்லை.

அது ஹெட்டிரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, இரவில் பாய்ந்து பிடிக்கும் சாதி. கரப்பான்தான் பிடித்த இரை. ஆனால் பை கையிலிருந்தவரை, பக்கத்தில் கரப்பான் ஓடினாலும் இந்தத் தாய் அசையவில்லை, வயிறு சுருங்கிப்போயிருந்தது. பை பிரிந்ததும் கடுகளவுகூட இல்லாத வெளிறிய குஞ்சுகள் சுவரெங்கும் பரவின. இவ்வகையில் ஒரு பையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பயப்படாதீர்கள், வீடு நிறையாது. பல்லிகள் காத்திருந்து பொறுக்கின. மிச்சமிருந்தவையும் ஒன்றையொன்று தின்னத் தயங்கவில்லை.

'எட்டுக்கால் பூச்சி சிறுநீர் பட்டால் கொப்புளம் வரும்' என்றவர்களுக்கு: அப்படிச் சொல்லப்படும் கொப்புளங்களில் பல, பெடரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்குவதால் வருபவை. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பு மாதிரித் தெரியும். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். உடம்பில் உட்கார்ந்தால் தேய்க்காமல் ஊதிவிடுங்கள். சிலந்தியைக் கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், ஆபத்தில்லை.

தாய் இப்போது சமையலறைப் பரணுக்குக் குடிமாறியிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.