ஃபிட்ஸ்பேட்ரிக்: 17 சீசன், 9 டீம், பிளேஆஃப் பூஜ்யம். இவர கொண்டாடலாமா?

செந்தில்_கே:
ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் 2022ல ரிட்டயர் ஆனதுல இருந்து என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) பத்தி பேசுற எல்லாரும் அவர ஏதோ லெஜண்ட் மாதிரி பேசுறாங்க, எனக்கு சுத்தமா புரியல. ஸ்டார்ட் பண்ண மேட்ச்ல 59 ஜெயிச்சு 87 தோத்திருக்காரு, ஒரு டிரா. 9 டீமுக்கு குவாட்டர்பேக்கா, அதாவது பந்த வீசி ஆட்டத்த நடத்துறவரா இறங்கியும், லீக் மேட்ச் முடிஞ்சு வர்ற நாக்அவுட்டான பிளேஆஃப்ல ஒரு மேட்ச் கூட ஆடல. நல்ல ஆளா இருந்தா ஒரு டீமாவது வச்சிருக்கும்ல?

பிரபா77:
செந்திலண்ணே, எங்க இருந்து வந்தாருன்னு பாருங்க. ஹார்வர்டு பையன், 2005 டிராஃப்ட்ல (டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்குற தேர்வு) 250வது ஆளா செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தாங்க, அந்த இடத்துல எடுக்குறவன்ல பாதி பேருக்கு மேல ரெண்டு மூணு வருஷத்துல காணாம போயிடுவான். இவரு முதல் மேட்ச்லயே பெஞ்ச்ல இருந்து இறங்கி, 24-3ன்னு பின்னாடி கிடந்த டீம ஓவர்டைம்ல 33-27ன்னு ஜெயிக்க வச்சாரு. அதுக்கப்புறமும் 16 வருஷம் யாராவது ஒருத்தர் கூப்பிட்டு வேலை குடுத்துட்டே இருந்தாங்கன்னா சும்மாவா?

செந்தில்_கே:
கூப்பிட்டாங்க தம்பி, அனுப்பியும் விட்டாங்க. பஃபலோ 2011ல 6 வருஷத்துக்கு 59 மில்லியன் டாலர்னு காண்ட்ராக்ட் போட்டுச்சு, 5 ஜெயிச்சு 2 தோத்து 5-2ன்னு போயிட்டிருந்த டீம் அந்த சீசன 6-10ல முடிச்சுது, 2013 மார்ச்ல வெளிய. ஜெட்ஸ்ல 2015 இன்னும் மோசம், கடைசி மேட்ச் ஜெயிச்சா பிளேஆஃப், எதிர்ல அதே பஃபலோ, கடைசி கால்பகுதியான நாலாவது குவாட்டர்ல மட்டும் மூணு தடவ பந்த எதிராளி கையில வீசி (இன்டர்செப்ஷன்) 22-17ன்னு தோத்தாங்க. முக்கியமான நேரத்துல கை நடுங்குறவர எப்படி கொண்டாடுறது?

வித்யா_ஆர்:
அதே சீசன்ல 31 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோட்டுக்கு அப்பால பந்த சேர்த்து 6 பாயின்ட்) போட்டாரே, அது ஜெட்ஸ் டீம் ரெக்கார்டு, அத ஏன் விட்டுட்டீங்க? அந்த 31 இல்லன்னா கடைசி மேட்ச்சுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

பிரபா77:
கை நடுங்குறவரா? 2020 டிசம்பர் 26, ரெய்டர்ஸ் மேட்ச் பாருங்க. அவரோட மியாமி டீம் ரெண்டு பாயின்ட் பின்னாடி, பாக்கி 19 செகண்ட், டைம்அவுட் கிடையாது. எதிராளி இவரோட ஹெல்மெட் கம்பிய புடிச்சு இழுக்குறான், தலை முழுசா பக்கவாட்டுல திரும்பிடுச்சு, பந்து போற திசைய பாக்கவே முடியல, அப்படியே வீசுறாரு, சக ஆட்டக்காரர் மேக் ஹாலின்ஸ் கையில, 34 யார்டு. ஹெல்மெட்ட இழுத்ததுக்கு இன்னொரு 15 யார்டு, ஃபீல்ட் கோல் (பந்த உதைச்சு எடுக்குற 3 பாயின்ட்), 26-25. அந்த வீச்ச இன்னிக்கு போட்டு பாத்தாலும் எனக்கு புல்லரிக்குது.

செந்தில்_கே:
அந்த வீச்சு அபாரம், மறுக்கல. ஆனா டம்பால 2018ல என்ன ஆச்சு? தொடர்ந்து மூணு மேட்ச்ல பாஸ்லயே 400 யார்டு தாண்டினாரு, அதுவரைக்கும் யாரும் செய்யாத சாதனை, நாலாவது மேட்ச்ல சிகாகோ கிட்ட பாதியிலயே உக்கார வச்சிட்டாங்க. ஒரு மாசம் நிலைக்காத ஆட்டத்த நம்பி யாரு டீம் கட்டுவான்?

வித்யா_ஆர்:
கட்டணும்னு யாரும் அவர எடுக்கல சார், அதான் விஷயம். மியாமில இளம் குவாட்டர்பேக் டுவா ரெடியாகுற வரைக்கும் டீம தாங்கணும், அப்புறம் நாலாவது குவாட்டர்ல திடீர்னு கூப்பிட்டாலும் இறங்கணும். புது ஊரு, புது கோச், புது பிளேபுக், பக்கத்துலயே அவரோட இடத்துக்கு வரப்போற சின்னப் பையன், அவனுக்கும் சொல்லிக் குடுக்கணும். ஸ்டார் குவாட்டர்பேக் எத்தன பேரு இத செய்வாங்க?

செந்தில்_கே:
நல்ல பேக்கப்னு சொல்லுங்க, மனசார ஒத்துக்குறேன். லெஜண்ட்னு சொல்லாதீங்க.

பிரபா77:
ரெய்டர்ஸ் மேட்ச்சுக்கு அடுத்த வாரம் அவருக்கு கொரோனா, மியாமி பஃபலோ கிட்ட 56-26 தோத்து 10-6 இருந்தும் வெளிய போச்சு. 2021ல வாஷிங்டன்ல முதல் மேட்ச்லயே இடுப்பு போச்சு, அதோட ஆட்டமே முடிஞ்சுது. பிளேஆஃப் இல்லங்குறத மட்டும் வச்சு அளக்காதீங்கண்ணே, இதுல எது அவர் கையில இருந்துச்சு?