வலி இல்லை, ஆனா பேஸ்பால்ல நான் எறியற பந்தோட வேகம் மட்டும் இறங்கிப்போச்சு. என்ன பண்ணலாம்?

ஆத்தங்குடிப் பையன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வயசு 20. காரைக்குடியில காலேஜ், பேஸ்பால் டீமுக்கு வலதுகை பிட்சர், அதாவது பந்து எறியறவன். வேகம் அளக்கிற ரேடார் கன்னுக்கெல்லாம் எங்க போக? மவுண்டுக்கு (நாங்க நின்னு எறியற மேடு) பக்கவாட்டுல ஃபோனை நிறுத்தி வீடியோ எடுத்து, பந்து கையை விட்டதுலேருந்து எதிர்ல உட்கார்ந்து பிடிக்கிற கேட்சரோட கிளவுஸுக்குள்ள போற வரைக்கும் ஃப்ரேம் எண்ணுவோம். பொங்கல் சமயத்துல 32. இப்ப ஆடியில 35. வலி கிடையாது. மூணாவது இன்னிங்ஸ் தாண்டினா தோள் ஈரச்சாக்கு மாதிரி கனக்கும், அவ்வளவுதான். கோச் "நீ மனசு வச்சுப் போடலை"ங்கிறார். யூடியூப்ல கனமான பந்தை எறிஞ்சா வேகம் ஏறும்கிறாங்க. வாங்கலாமா?

பழைய கேட்சர்:
வாங்காதே தம்பி. முதல்ல கணக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம் வீடியோ, பந்து போற தூரம் சுமார் 17 மீட்டர்னு வச்சா 32க்கு மணிக்கு 115 கிலோமீட்டர், 35க்கு 105. ஒரு ஃப்ரேம் பிசகினாலே 3, 4 கிலோமீட்டர் மாறும். இனிமே ஸ்லோமோஷன்ல 240 வச்சு எடு. ஆனா மூணு ஃப்ரேம் எண்ணுறவன் தப்பு இல்லை, கை சொல்றது. வலி வர்றதுக்கு முன்னாடியே வேகம் இறங்குறதை நான் நிறைய பேர்கிட்ட கிளவுஸுலேயே உணர்ந்திருக்கேன். அந்தக் கை வாரம் முழுக்க என்னென்ன பண்ணுதுன்னு ஒண்ணு விடாம எழுது.

புதுவயல்:
விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சு வெந்நீர் ஊத்துங்க. எங்க ஐயா கபடிக்காரர், அவருக்கு அதுதான்.

ஆத்தங்குடிப் பையன்:
சனிக்கிழமை மேட்ச், 90 பிட்ச் (எறி) கிட்ட. ஞாயிறு வேற ஆள் இல்லாததால நானே கேட்சர். சாயங்காலம் ஊர்ல டென்னிஸ் பால் கிரிக்கெட், 4 ஓவர். திங்கள், புதன், வெள்ளி ஐயாவோட டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல அச்சை வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமெண்ட் ஊத்தி, நடுங்காம அச்சைத் தூக்கணும். கொஞ்சம் அசைஞ்சாலும் பூ கலங்கிடும். அப்புறம் சாந்தைப் போட்டுக் கரண்டியால அமுக்கி வழிக்கணும். எல்லாம் வலது கைதான்.

தேவகோட்டை பிசியோ:
இதைப் படிச்சதும் என் கையே வலிக்குது. அமெரிக்காவுல பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு வழிகாட்டி இருக்கு. 19லேருந்து 22 வயசு வரைக்கும், 81 பிட்சைத் தாண்டினா குறைஞ்சது 4 நாள் மவுண்ட் ஏறக்கூடாது. நீங்க மறுநாளே கேட்சரா உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியறீங்க. அதுக்கு மேல பட்டறை. முழங்கை உள்பக்கத்து தசைநாருக்கு முட்டுக்கொடுக்கிறதே, நீங்க கரண்டி பிடிக்கிற அதே முன்கைத் தசைகள்தான். அது களைச்சுட்டா பாரம் தசைநார் மேல விழும். இளம் பிட்சர்களை வச்சு 2006ல வந்த ஒரு ஆய்வுல, கை களைச்சிருந்தும் அடிக்கடி போட்டவங்களுக்கு ஆபரேஷன் வரை போற வாய்ப்பு 36 மடங்குன்னு இருந்தது. 1974ல டாமி ஜான்ங்கிற அமெரிக்க பிட்சருக்கு அந்த முழங்கைத் தசைநார் ஆபரேஷன் நடந்தப்ப மத்தக் கையிலேருந்து தசைநாண் எடுத்து வச்சாங்க. அவர் மேட்சுக்குத் திரும்பினது 1976ல. நம்ம நீரஜ் சோப்ராவுக்கும் 2019ல முழங்கை ஆபரேஷன்தான்.

வீட்லயே ஒண்ணு பாருங்க. மல்லாந்து படுத்து, கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டுல நீட்டி, முழங்கையை மடக்கி, உள்ளங்கையைக் கால் பக்கமா இறக்குங்க. யாராவது தோளை முன்னாலேருந்து அமுக்கிப் பிடிக்கணும். அப்புறம் தலைப் பக்கமா. பிட்சருக்குக் கால் பக்கம் குறைஞ்சு தலைப் பக்கம் கூடியிருக்கிறது சகஜம். ரெண்டையும் கூட்டினாலும் இடது கையைவிடக் குறைச்சல்னா நேர்ல வாங்க. சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தாலோ முழங்கை உள்பக்கம் வலிச்சாலோ அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

பழைய கேட்சர்:
எண்ணெய்க்கும் எனக்கும் சண்டை இல்லை. சுகமா இருக்கும். எண்ணிக்கையைக் குறைக்காம தேய்ச்சா எண்ணெய்தான் செலவு.

ஆத்தங்குடிப் பையன்:
நேத்து ராத்திரி வளவுல படுத்துப் பார்த்தேன், அக்கா தோளை அமுக்கினா. இடது கை தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறங்குச்சு. வலது ரெண்டு சாணுக்கு மேல இறங்கவே இல்லை. தலைப் பக்கமும் ரெண்டும் ஒரே அளவு. வியாழக்கிழமை நேர்ல வர்றேன் அண்ணே. கோச்கிட்ட கேட்சர் வேலை முடியாதுன்னுட்டேன், முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். கிரிக்கெட் பசங்க பேசறதே இல்லை. ஐயா மட்டும் ஒண்ணும் சொல்லலை, கரண்டியை வாங்கிக்கிட்டு கணக்கு நோட்டைக் கையில கொடுத்துட்டார். அவர் எழுத்துதான் ஒண்ணும் புரியலை.