மறு: திசைவிக்குள் பொருத்தும் விரிவாக்கக் கூறுக்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் அகரமுதலிக்காக, திசைவிக்குள் (ரவுட்டருக்குள்) பொருத்தும் விரிவாக்கப் பலகைக்குச் சொல் தேடும் இவ்விழையில் இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் இன்று காலை ஒரே மூச்சில் வாசித்தேன். ஐயா அவர்கள் முன்மொழிந்த 'உள்ளமை விரிவாக்கக் கூறு', அம்மையார் அதைச் சுருக்கித் தந்த 'அகக்கூறகம்', சொல்லாக்கமே வேண்டாம், 'மாட்யூல்' என்றே இருக்கட்டும் என்ற இளைய நண்பரின் கருத்து ஆகிய மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் முன்வைக்க விரும்பும் சொல் 'சேய்ப்பலகை'. அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில், நாம் பெயரிடப் போகும் பொருள் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிஸ்கோ நிறுவனத்தின் 2811 திசைவியை எடுத்துக்கொண்டால், அதன் பின்புறத்தில் எச்.டபிள்யூ.ஐ.சி. எனப்படும் சிறு அட்டைகளுக்கு 4 செருகுவாய்களும், அதைவிடப் பெரிய கூறகத்துக்கு (மாட்யூலுக்கு) ஒரு செருகுவாயும் உள்ளன. இவற்றை வெளியில் நின்றே காணலாம். ஆனால் மேல்மூடியைக் கழற்றினால்தான் தெரிகிற இடங்களும் அதில் உண்டு. தாய்ப்பலகையின்மீது ஏ.ஐ.எம். என்ற பலகைகள் அமர 2 இடங்களும், குரல் செயலாக்கத்துக்கான பி.வி.டி.எம். பலகைகளுக்கு 2 இடங்களும் உள்ளே இருக்கின்றன. ஏ.ஐ.எம். பலகை ஒன்று மறையாக்க (என்கிரிப்ஷன்) வேலையைத் திசைவியின் மையச் செயலியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். வேறொன்று குரலஞ்சலைக் கவனிக்கும். பின்புறச் செருகுவாய் எதையும் அது அடைப்பதில்லை. அதன் துளையோ விளக்கோ வெளியில் தெரிவதுமில்லை. பலகை இருக்கிறதா இல்லையா என்பதை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், அல்லது 'ஷோ இன்வென்டரி' என்ற கட்டளையைக் கொடுத்துத் திசைவியிடமே கேட்க வேண்டும்.

இப்பொருளுக்கு ஆங்கிலத்திலேயே நிலையான பெயர் இல்லை என்பதை நண்பர்கள் கருத வேண்டும். 2811 இடம்பெற்ற 2800 வரிசையில் 'அட்வான்ஸ்டு இன்டக்ரேஷன் மாட்யூல்' (ஏ.ஐ.எம்.) என்றார்கள். அப்பெயரில் 'உள்ளே' என்ற பொருளே கிடையாது. 2009-இல் 2900 வரிசை வந்தபோது, அதே வேலையைச் செய்ய, அதேபோல் மூடியைத் திறந்து பொருத்தும் பலகைக்கு 'இன்டர்னல் சர்வீசஸ் மாட்யூல்' (ஐ.எஸ்.எம்.) என்று பெயர் வந்தது. 4000 வரிசையில் தாய்ப்பலகைமீது உள்ள இடத்துக்கு 'இன்டக்ரேட்டட் சர்வீசஸ் கார்டு' என்ற பெயர் வழங்குகிறது. மூன்று தலைமுறைகளில் மூன்று பெயர்கள். ஒன்றை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே விற்பவர் சூட்டிய பெயரைப் பின்தொடராமல், பொருள் எங்கே எப்படி அமர்கிறது என்பதைப் பார்த்து நாம் பெயரிடுவதே முறை.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன். 'உள்ளமை' என்பதில் எனக்குள்ள தடை அடிப்படையானது. உள்ளமைந்த ஒலிபெருக்கி, உள்ளமைந்த மின்கலம் என்று எழுதும்போது, வாங்கும்போதே அதனுடன் வருவது, பிரிக்க முடியாதது என்றே வாசகர் கொள்கிறார். நாம் பேசும் பலகையோ தனியாக வாங்கப்படுவது, பின்னர் பொருத்தப்படுவது, வேண்டாதபோது கழற்றி வேறு திசைவிக்கு மாற்றத்தக்கது. உள்ளே இருப்பது வேறு, உடன் பிறந்தது வேறு. 'உட்பொதி' என்ற சொல்லுக்கும் இதே குறை பொருந்தும்.

'உட்செருகு' என்று ஒருவர் இடையில் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு வேலைக்குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'பலகையைத் திசைவியின் உள்ளே செருகவும்' என்பது அதில் ஒரு வரி. அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பின்புறத்து மறைப்புத் தகடுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கையில் பலகையோடு, எந்த வாயிலும் அது நுழையவில்லையே என்று நின்றுகொண்டிருந்தார். பிழை அவருடையது அன்று. செருகுதல் என்றாலே ஓர் இடுக்கில் ஒன்றை நுழைப்பதுதான்: கூந்தலில் பூவைச் செருகுகிறோம், இடுப்பில் கொசுவத்தைச் செருகுகிறோம். மேலிருந்து வைத்து, அழுத்தி, திருகால் பிணைப்பது செருகுதல் ஆகாது. தச்சரும் கொல்லரும் அதைப் பொருத்துதல் என்பார்கள். நான் எழுதிய சொல்லே அவரைத் தவறான பக்கத்துக்கு அனுப்பிவிட்டது. அந்த வரி எனக்கு இன்றும் உறுத்துகிறது. இவ்விழையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அடுத்தது 'கூறு'. தனியாக நிற்கும்போது அழகான சொல்தான். வேற்றுமை உருபு ஏறும்போதுதான் சிக்கல். இவ்விழையின் தலைப்பிலேயே 'கூறுக்கு' என்று உள்ளது. ஆறு ஆற்றுக்கு என்றும், சோறு சோற்றுக்கு என்றும் ஆவதுபோல், 'டறவொற்று இரட்டும்' என்ற நன்னூல் விதிப்படி இது 'கூற்றுக்கு' என்றாக வேண்டும். அப்படி எழுதினால் 'அவர் கூற்றுக்கு மறுப்பு' என்பதில் வரும் கூற்றோடு கலந்துவிடும். உயிர் கவரும் கூற்றும் அதே வடிவம்தான். 'கூற்றை மெல்ல அழுத்தவும்' என்று ஒரு கையேட்டில் எழுத யாருக்கும் மனம் வராது. இரட்டிக்காமல் 'கூறை' என்று எழுதினாலோ கூறைப்புடவை முன்னால் வந்து நிற்கிறது. இதிலிருந்து தப்பிக்கத்தான் பலரும் 'கூறினை', 'கூறினால்' என்று சாரியை சேர்த்து எழுதுகிறார்கள். கலைச்சொல் என்பது அகரமுதலியில் எழுவாயாக மட்டும் இருந்துவிடுவதில்லை. கையேட்டில் ஐ, ஆல், கு, இல் என எல்லா உருபுகளையும் அது சுமக்க வேண்டியிருக்கிறது. நாம் ஆக்கும் ஒவ்வொரு சொல்லையும் அகரமுதலியில் சேர்க்கும் முன் ஒருமுறை உருபேற்றிப் பார்ப்பது நல்லது.

அந்தச் சோதனையில் 'கூறகம்' தேறிவிடுகிறது. கூறகத்தை, கூறகத்தில் என்று தடையின்றி நடக்கிறது. மாட்யூல் என்ற பொதுச்சொல்லுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நானும் கருதுகிறேன். ஆனால் 'அகக்கூறகம்' என்பதில் அகம் முன்னும் பின்னும் வருகிறது. நூலகம், அலுவலகம் ஆகியவற்றில் உள்ள இடப்பொருளும் ஒட்டிக்கொள்வதால், பலகையைக் குறிக்கிறதா, பலகை அமரும் இடத்தைக் குறிக்கிறதா என்று படிப்பவர் ஒரு கணம் தயங்குவார்.

சேய்ப்பலகைக்கு வருகிறேன். தாய்ப்பலகை என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன்மீது அமர்ந்து, அதனிடமிருந்தே மின்னையும் தரவையும் பெற்று, அது இல்லாமல் தனியே இயங்க முடியாத பலகைக்குச் சேய்ப்பலகை என்ற பெயரை விளக்கவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய பலகையை 'டாட்டர்போர்டு', அதாவது மகள் பலகை என்று சொல்வதால் நாமும் 'மகட்பலகை' என்று ஆக்க வேண்டும் என்பதில்லை. தாய்சேய் நல விடுதி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குத் தாய் என்றதும் அடுத்து வருவது சேய்தான். உருபேற்பதிலும் இடரில்லை.

சோதனைக்காக, பொருத்தும் முறையைச் சேய்ப்பலகை என்ற சொல்லைக் கொண்டே எழுதிப் பார்த்தேன்:

"திசைவியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுக்கவும். மணிக்கட்டுப் பட்டையை அணிந்து, அதன் மறுமுனையைத் திசைவியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் கவ்வவிடவும். சேய்ப்பலகையை ஓரங்களில் மட்டும் பிடித்து உறையிலிருந்து எடுக்கவும். தாய்ப்பலகையில் தாங்குகால்களைத் திருகிய பின்னர், சேய்ப்பலகையின் இணைப்பி தாய்ப்பலகையின் இணைப்பிக்கு நேராக வருமாறு வைத்து, முழுமையாக அமரும்வரை சீராக அழுத்தவும். அமர்ந்த பின்னரே திருகுகளை முடுக்கவும்."

இதில் எந்த இடத்திலும் எனக்குப் பேனா நிற்கவில்லை. 'அமரும்வரை' என்பதையும் கவனியுங்கள். பட்டறையில் நம் பிள்ளைகள் 'கார்டு சரியா உக்காரல' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வினை தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. எனவே உள்ளே பலகை அமரும் இடத்தை 'அமர்விடம்' என்றும், பின்புறத்தில் உள்ளதை 'செருகுவாய்' என்றும் பிரித்தே வழங்கலாம். மணிக்கட்டுப் பட்டையில் 1 முதல் 10 மெகா ஓம் வரை தடை இருக்கிறதா என்று அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் கையேட்டில் சேர்த்துவிடுவது நன்று. நிலைமின்சாரம் கைக்குத் தெரியாமலே சில்லைக் கெடுத்துவிடக்கூடியது.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லழகுக்காக அன்று. 2811-இல் உள்ளே, வெளியே என எதை மாற்றினாலும் மின்னை அணைத்தாக வேண்டும். ஆனால் 4000 வரிசையில், பின்புறத்திலிருந்து செருகும் என்.ஐ.எம். எனப்படும் வலையிணைப்புக் கூறகத்தைக் கட்டளை மூலம் நிறுத்திவிட்டு, திசைவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். தாய்ப்பலகைமீது அமரும் பலகையை அவ்வாறு தொடக்கூடாது. இரண்டையும் 'கூறகம்' என்ற ஒரே சொல்லால் குறித்தால், ஒன்றுக்கு எழுதிய விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்து யாராவது மின்னோட்டம் உள்ள பெட்டியைத் திறந்துவிடுவார்கள். 'மாட்யூல்' என்றே விட்டுவிடலாம் என்ற இளைய நண்பருக்கும் என் மறுமொழி இதுவே: அச்சொல் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது.

சேய் என்பதற்குத் தொலைவு என்ற பொருளும் உண்டே என்று தமிழாசிரியர்கள் கேட்கக்கூடும். தாய்ப்பலகையோடு சேர்ந்தே வழங்கும் சொல்லாதலால் மயக்கம் எழாது என நம்புகிறேன். 'விரிவாக்கம்' என்பது விடுபடுகிறதே என்றால், தாய்ப்பலகைமீது கூடுதலாக ஒரு பலகையை ஏற்றுவதே விரிவாக்கத்துக்காகத்தான். கடினமான கேள்வி பி.வி.டி.எம். பற்றியது. நினைவகப் பலகையைப் போல நீண்டு மெலிந்த அதுவும் தாய்ப்பலகைமீதுதான் அமர்கிறது. அதையும் சேய்ப்பலகை என்ற இனத்தில் சேர்த்து, 'குரல் சேய்ப்பலகை' என்று அடைகொடுத்து அழைக்கலாம் என்பது என் எண்ணம். நினைவகத்துக்கு ஏற்கெனவே பெயர் நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

வினைச்சொல்லைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் பலகைக்கும் மென்பொருளுக்கும் 'இன்ஸ்டால்' என்ற ஒரே வினைதான். தமிழில் பலகையைப் பொருத்துகிறோம், மென்பொருளை நிறுவுகிறோம். ஐ.எஸ்.எம். பலகைகளுள் சொந்தச் செயலியுடன் வருவதைப் பொருத்திய பின்னர், அதற்குரிய மென்பொருளைத் தனியே நிறுவவும் வேண்டும். 'சேய்ப்பலகையைப் பொருத்தி, அதில் மென்பொருளை நிறுவுக' என்று நாம் எழுதும்போது இரண்டு வேலைகள் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. அகரமுதலியின் வரைவில் இரண்டுக்கும் 'நிறுவுதல்' என்றே இருப்பதை இப்போதே திருத்திவிடலாம்.

தாங்குகால் என்பது நான் அவசரத்துக்கு இட்ட பெயர். இரு பலகைகளுக்கும் இடையே நிற்கும் அந்தச் சிறு உலோகக் காலுக்குப் பட்டறை வழக்கில் வேறு நல்ல சொல் இருந்தால் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.