மாடியில் காய்ப்பதுதான் அடுப்பில்: பட்டம் பார்த்து நனிசைவச் சமையல், உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி, சென்னை

பால், தயிர், நெய் இல்லாத நனிசைவ (வீகன்) சமையல் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ என்னதான் சாப்பிடுவீங்க?" பதில் சொல்வதைவிட அவர்களை மாடிக்குக் கூட்டிப்போவது எனக்குச் சுலபம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி இடம். கைப்பிடிச் சுவரை ஒட்டி குரோ பேக்குகள், மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் முருங்கை. அவ்வளவுதான் தோட்டம். அந்த மாதம் அங்கே என்ன காய்க்கிறதோ அதை ஒட்டித்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. நனிசைவத்துக்கு மாறியதும் பனீருக்கு மாற்று, சீஸுக்கு மாற்று என்று கடை கடையாகத் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தேடலே வேண்டாம் என்பது என் எண்ணம். பட்டம், அதாவது விதைக்கிற பருவம், பார்த்து விதைத்து, வந்ததைச் சமைத்தால் போதும். நம் பாட்டிமார் செய்த குழம்பு, கூட்டு, துவையல், கடைசல் எதிலும் பெரும்பாலும் பால் கிடையாது.

மண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்மண், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம அளவு. கூடவே பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் மண்ணாகப் போட்டால் மாடி தாங்க வேண்டிய எடை கூடிவிடும். நார்க்கழிவு எடையைக் குறைக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற மாடித்தோட்டத் தளை என்கிற தொகுப்பிலும் நார்க்கழிவுக் கட்டிகள்தான் இருக்கும்.

உரத்தில்தான் பேச வேண்டியது நிறைய. நர்சரியில் ஒரு பெரியவர், பஞ்சகவ்யம் இல்லாமல் காய் பிடிக்காது என்று உறுதியாகச் சொன்னார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்வது அது. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பயிருக்குப் பரவலாக்கியவர், பலன் தருவதும் உண்மை. ஆனால் சாப்பாட்டில் வேண்டாம் என்று விட்ட பாலை மண்ணில் மட்டும் ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன் அமிலம், எலும்புத்தூள் பற்றியும் அதே எண்ணம்தான். கடலைப் புண்ணாக்கை மூன்று நான்கு நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுகிறேன். சமையலறைத் தோல், தண்டு எல்லாம் காய்ந்த இலைச் சருகோடு சேர்ந்து உரத் தொட்டிக்குப் போகிறது. காய்ப்புக்குக் குறைவே இல்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு சுரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "புண்ணாக்கை எத்தனை நாள் ஊற வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டார்.

அந்தச் சுரைக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியில் விதைத்தது. வெள்ளைப் பூ சாயங்காலம்தான் விரியும். அந்த நேரத்தில் மாடிக்குத் தேனீ வராது. அந்துப்பூச்சி வந்தால் உண்டு, வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அதனால் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தம் ஒட்டும்படி பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுகிறேன். பெண் பூவின் அடியில் சின்னதாகப் பிஞ்சு ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். பீர்க்கனுக்கும் சாயங்கால வேலைதான். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில் செய்ய வேண்டும். இன்னொன்று, வீட்டில் காய்த்ததுதானே என்று சுரைக்காயை அப்படியே சமைத்துவிடாதீர்கள். ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரை வயிற்றுக்கு விஷம், கொதிக்க வைத்தாலும் போகாது.

நல்ல காய் என்றால் பாசிப்பருப்போடு வேகவிட்டு, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் பால் கூட்டு. மாட்டுப்பால் ஊற்றிச் செய்கிற வீட்டுக்காரர்களே எங்கள் வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல் அரைத்தால் மறுநாள் தோசைக்கு ஆயிற்று.

ஐப்பசியில் அடைமழை தொடங்கிவிட்டால் சென்னையில் கீரை விதைக்கக் கூடாது. விதை அடித்துக்கொண்டு போய்விடும், முளைத்ததும் அழுகிவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது கொடிப்பசலை. ஒரு தண்டை ஒடித்து நட்டால் வந்துவிடும். ஆடியில் போட்ட கொடி அவரை அதுவரை இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். கார்த்திகை கடைசியில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக எழும்போது இருக்கிற சந்தோஷம் தனி. திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு வைத்தபோது அவரை, பூசணி, கத்தரி மாடியிலிருந்தே வந்தன. களியில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். வெல்லத்தோடு அது நன்றாகவே சேர்ந்தது.

நீங்களும் எழுதுங்கள். எந்தப் பட்டத்தில் என்ன போட்டீர்கள், அதை எப்படிச் சமைத்தீர்கள், வழியில் யாரைச் சந்தித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

எல்லீஸ் நகர், மதுரை

அக்கா, எங்கள் வீட்டில் மாடி கிடையாது. வெயில் விழுகிற பால்கனி ஒன்று மட்டும்தான். அதில் மணத்தக்காளியும் கொத்தவரையும் மிளகாயும். மதுரை வெயிலுக்கு மற்றது எல்லாம் வாடும்போது கொத்தவரை மட்டும் அசராமல் காய்க்கும். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எங்களுக்கு வத்தல் மாதம்.

நான் நனிசைவத்துக்கு மாறியபோது அத்தைக்கு இருந்த ஒரே மனக்குறை மோர் மிளகாய். கொத்தவரையை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்துக் காயவைத்தால் போதும், மணத்தக்காளியும் அப்படியே. மிளகாய்க்கு மட்டும் மோரில்லாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை. வழி கண்டுபிடித்தது அவர்தான். பழைய சோற்றின் நீராகாரத்தை இன்னும் ஒரு நாள் புளிக்கவிட்டு, உப்புப் போட்டு, கீறிய மிளகாயை அதில் ஊறவைத்தார். பகலில் மிளகாய் தட்டில் காயும், ராத்திரி திரும்ப அந்தத் தண்ணீருக்குள் போகும். தண்ணீர் முழுக்க வற்றும்வரை இதேதான். பொரித்தபோது புளிப்பும் உறைப்பும் சரியாக இருந்தன. "மோருல போட்டதுன்னே நெனச்சேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது தெருவில் யாராவது கேட்டால் அவரே பக்குவம் சொல்லிக் கொடுக்கிறார்.

மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் எங்களுக்குப் போதும். கோடை வெயிலை டப்பாவில் அடைத்து வைத்த மாதிரிதான் வத்தல்.

அன்னூர், கோவை மாவட்டம்

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் தானாக முளைப்பதைப் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். சந்தையில் கீரை விற்கும் ஆத்தா ஒருவரிடம் என் தொட்டியில் வளர்ந்ததை ஒரு கொத்து கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். "இது பண்ணக்கீரை, இது தொய்யக்கீரை, இது மூக்கிரட்டை. இத மட்டும் தூக்கி வீசு கண்ணு, நெஞ்சக் கரிக்கும்." நாலில் மூன்று சாப்பிடுகிற கீரை! விதைக்காமல், உரம் போடாமல் மழைக்குப் பின்னால் வருவது இது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, துளி புளி சேர்த்து வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து ராகிக்களியோடு சாப்பிடுகிறோம். தெரியாத செடியை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் சட்டியில் போடாதீர்கள்.

அப்புறம் மாவுப்பூச்சி. வெள்ளையாக எதைக் கண்டாலும் வேப்பெண்ணெய் அடிக்கிறார்கள். மாவுப்பூச்சியைத் தின்கிற ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் பார்க்க அதே மாதிரி வெள்ளையாக, மாவு பூசினாற்போல இருக்கும். கொஞ்சம் பெரிதாக, வேகமாக ஊர்ந்து போனால் அது நம் ஆள். விட்டுவிடுங்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்று சமையலை மாற்றிக்கொண்டவர்கள் செடிப் பக்கமும் அந்தக் கவனத்தோடு இருந்தால் நல்லது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பாதி அதிலேயே போய்விடும். முடியாதபோது லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் மட்டும் தெளியுங்கள்.

ஈசூன், சிங்கப்பூர்

இங்கே ஆடியும் இல்லை, தையும் இல்லை. வருடம் முழுக்க ஒரே சூடு, நினைத்தால் மழை. வருடக் கடைசியில் மட்டும் வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும். வீவக (அரசின் அடுக்குமாடி) வீட்டு நடைபாதைதான் என் தோட்டம். 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. கொசு முட்டையிட்டால் அபராதம்.

கறிவேப்பிலை வைத்தேன், நன்றாக வந்தது. தக்காளி பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. அடுத்த வாசலில் இருக்கும் சீனப் பாட்டி ஒருவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் சர்க்கரைவள்ளிக் கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவந்து, பேசாமல் என் தொட்டியில் செருகிவிட்டார். எங்களுக்குள் பொது மொழி அதிகம் இல்லை. இலையைக் கிள்ளிக் காட்டி, சாப்பிடுகிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். ஊரில் கிழங்கு சாப்பிட்டிருக்கிறேன், கொழுந்து இலையைக் கீரையாகச் சாப்பிட்டதில்லை. இங்கே பெரும்பாலும் பிளச்சான் சேர்த்து வதக்குவார்கள், அதில் இறால் இருப்பதால் எனக்கு ஆகாது. நான் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து, தேங்காய் தூவிப் பொரியல் செய்தேன். ஒரு கிண்ணம் பாட்டிக்கும் கொடுத்தேன். அவர் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டு வதக்கியதை எனக்குக் கொடுத்தார். இப்போது கிள்ளக் கிள்ளக் கொழுந்து வருகிறது, கிண்ணமும் போய் வருகிறது. அவர் கறிவேப்பிலையைக் கஞ்சியில் போட ஆரம்பித்திருக்கிறார்.

பருவம் இல்லாத ஊரில் பருவச் சமையல் எப்படி என்று யோசித்திருக்கிறேன். இந்த மண்ணில், இந்தச் சூட்டில் எது சிரமமில்லாமல் வளர்கிறதோ அதைச் சமைப்பது என்று வைத்துக்கொண்டேன். கங்குங் (வள்ளைக்கீரை), பசலை, சர்க்கரைவள்ளி இலை. தக்காளியைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

வேளச்சேரி, சென்னை

எல்லோருக்கும் நன்றி. நீராகார மிளகாயை இந்தக் கோடையில் கட்டாயம் போடுவேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பொறிவண்டுப் புழு விஷயம் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியது, என் மாடிச் செம்பருத்தியில் இன்று காலையே தேடிப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கீரையும் எள்ளும் ராகியும் சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கவலை இல்லை. கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். ஆனால் பி12 மட்டும் எந்தக் காய்கறியிலிருந்தும் போதுமான அளவு கிடைக்காது. நனிசைவத்துக்கு மாறுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அன்னூர்க்காரரிடம் ஒரு கேள்வி. அங்கே யாரிடமாவது தம்பட்டை அவரை விதை இருக்கிறதா? பிஞ்சுக் காயை நறுக்கி வேகவைத்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து சாப்பிட்டிருக்கிறேன், இங்கே விதை கிடைக்கவில்லை. பதிலுக்கு என்னிடம் ஊதாப் பூ கொடி அவரை விதை இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். ஆடிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.