பாட்டி வீட்டுக் குழு: ஞாயிறு காலை

திருச்சி சித்தி, 6:52
யாராவது விழித்திருக்கிறீர்களா? நேற்று ராத்திரி ரிசப்ஷன் முடிந்து வரும்போது தம்பியைப் பாலத்துக்குக் கீழே நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். 64 காட்டியதாம். பைக் ஸ்டேஷனில் நிற்கிறது. லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். 1 மணிக்கு ஆட்டோவில் வந்தான்.

அத்தை, 6:55
அய்யோ, நம் பிள்ளையா?

தம்பி, 6:58
இரண்டு பீர்தான் அத்தை.

அத்தை, 6:58
நான் அளவா கேட்டேன்?

பெரிய மாமா, 7:04
(பலமுறை பகிரப்பட்டது) போலீஸ் ஊதச் சொன்னால் மறுப்பது உங்கள் அடிப்படை உரிமை!! அரசியல் சட்டம் 20(3). அனைவருக்கும் அனுப்பவும் 🙏

பெரிய மாமா, 7:05
நேற்றே இதைப் போட்டிருந்தால் பிள்ளை தப்பித்திருப்பான்.

வக்கீல் அக்கா, 7:21
மாமா, அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊத மறுத்தால் இன்னும் சிக்கல். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால், மறுத்தவரை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 203. ஸ்டேஷனில் ரத்தமும் எடுக்கச் சொல்லலாம், அது 204. தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே கோர்ட்டில் அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம், அது 205.

பெரிய மாமா, 7:24
அப்போ 20(3) எதற்கு இருக்கிறது?

வக்கீல் அக்கா, 7:29
தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்பதற்கு. கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது அப்படிச் சாட்சி சொல்வது ஆகாது என்று 1961இலேயே சுப்ரீம் கோர்ட்டில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து சொல்லிவிட்டார்கள். மூச்சுக்கும் அதே கணக்குதான்.

அத்தை, 7:31
நான் தினமும் தசமூலாரிஷ்டம் குடிக்கிறேன். ஸ்கூட்டி ஓட்டலாமா?

வக்கீல் அக்கா, 7:34
😄 அரிஷ்டத்திலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு அத்தை. குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருப்பதையும் சேர்த்துக் காட்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். தம்பி அதைப்போல இரண்டு மடங்கு.

சின்ன மாமா, 7:40
கைது செய்த 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டாவிட்டால் கேஸ் நிற்காதாமே. ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

வக்கீல் அக்கா, 7:46
பாதி சரி. 202இல் அந்த விதி இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். ஆனால் ஆளைத்தான் விடுவார்கள், கேஸை விடுவதாக அங்கே எழுதவில்லை. டேய், உன்னைக் கைது செய்தார்களா?

தம்பி, 7:47
இல்லைக்கா. ஒரு ஸ்லிப், ஒரு சலான். போகச் சொல்லிவிட்டார்கள்.

வக்கீல் அக்கா, 7:48
அப்போ அந்த விதிக்கு உன்னிடம் வேலையே இல்லை. லைசென்ஸ் வாங்கியதற்கு ரசீது கொடுத்தார்களா?

தம்பி, 7:50
கேட்கவில்லை.

வக்கீல் அக்கா, 7:57
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எல்லாரும் ஊதுவதைப் பற்றியே பேசுகிறோம், அவனுக்கு உரிமை இருப்பது இங்கேதான். லைசென்ஸை எடுத்தால் ரசீது தர வேண்டும். அது ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். அவர் உன் பக்கத்தைக் கேட்காமல் முடக்க முடியாது. கேட்டபின் முடக்கினாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முதல் தடவை என்றால் 3 மாதம், அடுத்த தடவை ரத்து. நோட்டீஸ் வந்தால் பீரோவில் சொருகிவிடாதே. சித்தி, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

திருச்சி சித்தி, 8:01
வண்டி?

வக்கீல் அக்கா, 8:06
குடித்திருந்தார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்து வைக்க முடியாது, குடிக்காத உறவினரை வரவழைத்துக் கொடுங்கள் என்று 2021இல் தெலங்கானா ஹைகோர்ட் சொன்னது. நம் ஊர் போலீஸை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தோடு சித்தப்பாவை அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கலாம்.

பெரிய மாமா, 8:10
சலானை ஜி.பே.யில் கட்டி முடித்துவிட முடியாதா?

வக்கீல் அக்கா, 8:14
ஹெல்மெட் கேஸ் மாதிரி ஸ்பாட் ஃபைன் இல்லை மாமா, கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான், சித்தி அழ வேண்டாம். ஒப்புக்கொள்ளாமல் வாதாடவும் அவனுக்கு உரிமை உண்டு. மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் இரண்டு பீர் குடித்தேன் என்று 23 பேர் இருக்கிற குழுவில் எழுதிவிட்டானே!

தம்பி, 8:15
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை, 8:15
நான் படித்துவிட்டேன்.

சின்ன மாமா, 8:22
கீழே விழுந்திருந்தால் இன்ஷூரன்ஸாவது வந்திருக்கும்.

வக்கீல் அக்கா, 8:27
வந்திருக்காது. 2007இல் டெல்லி இந்தியா கேட் பக்கம் ஒரு போர்ஷே கார் மோதி எரிந்தது. ஊத வைக்கவும் இல்லை, ரத்தம் எடுக்கவும் இல்லை. மற்ற சாட்சியங்களைப் பார்த்தே, கார் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டாம் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

தம்பி, 8:33
அக்கா, கோர்ட்டுக்கு நீ கூட வருவாயா?

வக்கீல் அக்கா, 8:34
வருகிறேன். ஸ்லிப், சலான் இரண்டையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. இந்தக் குழுவில் போடாதே.

திருச்சி சித்தி, 8:36
10,000 அவன் சம்பளத்தில்தான். நான் தர மாட்டேன்.

பெரிய மாமா, 8:41
(பலமுறை பகிரப்பட்டது) காலையில் வெந்நீரில் எலுமிச்சை...