புதுப்பிப்பு: ஜெபக்குழுவில் மனம் திறப்பது பற்றி

வீட்டு ஜெபக்குழுவில் மனம் திறந்து எதையாவது சொன்னால், ‘ஜெபக்குறிப்பு’ (மற்றவர்களும் ஜெபிக்கும்படி சொல்லும் விஷயம்) என்ற பெயரில் அது சபை முழுக்கப் பரவிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்லும் பைபிள் வசனமான யாக்கோபு 5:16-ஐப் பலரும் காட்டினீர்கள். ஒருவர், மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் எழுதிய சிறுகுழு விதிகளைச் சொன்னார்: வாரம் ஒருமுறையாவது கூடுவது, ஒருவர் முதலில் தன் நிலையைச் சொன்ன பிறகே மற்றவர்களைக் கேட்பது.

அதையே பிடித்துக்கொண்டோம். பெண்கள் மட்டும் தனியாகப் பாய் விரித்து உட்கார்ந்தோம். குழுவை நடத்தும் அக்காவே முதலில் பேசினார். என்னவென்று இங்கே எழுத மாட்டேன். முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார். யாரும் உடனே வசனம் சொல்லி வாயடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். அப்புறம் நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதைச் சொன்னேன். இதுவரை வெளியே ஒரு வார்த்தை போகவில்லை. ஆண்கள்தான் இன்னும் தயங்குகிறார்கள்.