புதுப்பிப்பு: வீட்டுக்குள் எடுத்தால் கலங்கும் குட்டி கேமரா – காரணம் தெரிந்தது

என் 30 மடங்கு ஜூம் காம்பேக்ட் கேமரா வெயிலில் அசத்துகிறது, வீட்டுக்குள் மட்டும் சொதப்புகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது ‘ஜூமைத் தொடாதீர்கள், கிட்டே போய் எடுங்கள்’ என்ற யோசனைதான். ஜூம் இல்லாதபோது லென்ஸ் எஃப் 3.3 வரை திறக்கிறது (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது). முழுக்க இழுத்தால் எஃப் 6.4. வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஈடுகட்ட ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 3200க்கு ஏறி, பாட்டியின் முகத்தை மெழுகு பூசியதுபோல் வழித்துவிட்டிருந்தது. ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பையும் 800 ஆக்கினேன். இப்போது சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது (பாட்டிக்குத்தான் பிடிக்கவில்லை). ஓடும் குழந்தைகள் மட்டும் படத்தில் இன்னும் கலங்கலாகத்தான் விழுகிறார்கள்.

எதிர்பாராத ஒன்று: ஃபிளாஷ் போட்டால் வெள்ளை வட்டங்கள் மிதந்தன. லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் காற்றிலிருக்கும் தூசி அப்படி மின்னுகிறது. ஃபிளாஷை அணைத்தேன், போயிற்று.